வருஷம் திரும்புமுன் ஏறிய மலை

1926 டிசம்பர் 18, சனிக்கிழமை. காலை ஆறே கால் மணிக்குப் பூந்தோட்டத்து வாயிலிலிருந்து புறப்பட்டேன். மழை இல்லை. ஏழே முக்காலுக்கு நடுவழிப் பாறை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு மலையுச்சி. உடன் யாரும் வரவில்லை. என் மனைவி இறந்து ஏழு மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தன.

இவை மறுக்க முடியாதவை. நான் போயிருக்கலாமா என்பதில்தான் என் மைத்துனருக்கு வேறு கருத்து.

வீட்டில் சாவு நேர்ந்தால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முந்தின நாள் மாலை அதை நினைவூட்டவே மனைவியின் தம்பியான அவர் வந்தார். அந்த விதி தெய்வம் குடியிருக்கும் மலைக்கு. நான் போவதோ துரைமார் குளிர்ச்சி தேடிப் பங்களா கட்டிக்கொண்ட மலை என்றேன். அங்கும் ஒரு சிறு கோயில் உண்டே என்றார். அதன் வாசலை மிதிக்கமாட்டேன் என்றேன். சற்று யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அப்ப ரயில்ல போங்க அத்தான். ரயில்ல போனா அது ஏறுனதா ஆவாது. நீங்க உக்காந்த எடத்துலயேதானே இருக்கீங்க?"

"தீட்டு எனக்கா, ரயிலுக்கா தம்பி?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மலை ரயில் வந்த நாளிலிருந்தே என் மனைவிக்கு அதன்மேல் மதிப்பில்லை. இந்த ஊர் விடியலில் மட்டும் குளிரும் டிசம்பர் வாரங்களில், சனிக்கிழமைதோறும் நடுவழிப் பாறை வரை நடப்போம். பகல் சமையலை நினைத்து அங்கேயே திரும்பிவிடுவாள். சென்ற ஆண்டுதான், ஒரு முறையாவது உச்சி வரை நடந்துவிடலாம் என்றாள். எனக்கு அலுவலகத்தில் கோப்புகள் இருந்தன. அடுத்த ஆண்டு பார்க்கலாம், முடியாவிட்டால் ரயில் இருக்கிறதே என்றேன்.

"காலு இருக்கறப்ப ரயிலு எதுக்கு?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆகவே நடந்தேன்.

பாறையைத் தாண்டியபின் வழி எனக்கும் புதிது. மூங்கில் நனைந்திருந்தது. வியர்வை காய்வதற்குள் குளிர்ந்தது. முழங்கால் இருமுறை உட்காரச் சொன்னது, ஒருமுறைதான் கேட்டேன். உச்சியை மேகம் மூடியிருந்தது. ஊரும் கடலும் தெரியவில்லை. அவளிடம் சொல்லும்படி காட்சி எதுவும் இல்லை. ஆனால் பசித்தது. மே மாதத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தே உண்டு வந்தவன் நான். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு முழுவதையும் நின்றபடியே தின்றேன். அதை ஆறுதல் என்று சொல்லமாட்டேன். பசி என்றுதான் சொல்வேன்.

நடந்தே இறங்கினேன். வீட்டு வாசலில் மைத்துனர் ஒரு வாளித் தண்ணீருடன் நின்றார். இறங்கவாவது ரயிலில் வருவேன் என்று நம்பி ஆயர் ஈத்தாமில், மலை ரயிலின் அடிவார நிலையத்தில், வெகுநேரம் காத்திருந்தாராம்.

"தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வாங்க அத்தான். தோஷம் போயிடும்."

"வேணாம் தம்பி. உங்க அக்கா நடக்க வேண்டிய வழி அது. இந்த வேர்வை கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வாளியைக் கீழே வைத்தார். பிறகு, மேலே குளிர் எப்படி என்று மட்டும் கேட்டார்.

இன்னும் செய்யாதவை:

அவளுடைய நடைச் செருப்பை யாருக்காவது கொடுப்பது.

வாளித் தண்ணீரை முற்றத்துச் செடிக்கு ஊற்றுவது.

மைத்துனரிடம் மன்னிப்புக் கேட்பது. அவசரமில்லை.

மேகமில்லாத நாளில் மறுபடி ஏறுவது, வருஷம் திரும்புமுன்.