பெல்ட் போட்ட நரி

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் யாரோ தொலைத்த சாவிக்கொத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி வந்தது. டாக்டர் ரஹ்மத் நிஷா காலமானார். மாரடைப்பு. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் பள்ளிக்குக் கிளம்பி ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டியிருந்தேன். "ஐயோ, முந்தாநாள்தானேடி நம்ம பூனைக்கு ஊசி போட்டா" என்றாள் அம்மா. இன்னொரு ஷூவை நான் அன்று மாட்டவே இல்லை.

செம்பூரில் நாய், பூனை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தாராவியில் தோல் பெல்ட் தைக்கும் பட்டறைக்காரரின் மகள். கால்நடை மருத்துவம் படித்து, எங்கள் சொசைட்டி கேட்டுக்கு எதிரே கிளினிக் வைத்திருந்தார். குரல் பெரியது. கோபம் அதைவிடப் பெரியது. நாய்க்கு மூச்சு வாங்குகிறது என்று பதறி வருபவர்களிடம், "நீங்க முதல்ல உக்காந்து மூச்சு விடுங்க, உங்களப் பாத்துத்தான் அது பயப்படுது" என்பார்.

போன வாரம் சொசைட்டி ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. செக்ரெட்டரி ராமநாதன் அங்கிள் பேசினார். "டாக்டர் கைராசிக்காரி. இத்தனை வருஷத்துல ஒரு தப்பு பண்ணினது கிடையாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "பண்ணியிருக்கார் அங்கிள். உங்களுக்கும் தெரியும்" என்றேன். ஹால் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "உக்காரு கொழந்தே, இன்னிக்குப் போய் எதுக்கு அதெல்லாம்?" என்று அவர் சமாதானமாகச் சொன்னார். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். டாக்டர் ஒரு தப்பு செய்தார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகப் பெரிய விஷயம் அதுதான்.

எங்கள் பகுதியில் மழைக்காலம் தொடங்குமுன் தெருநாய்களுக்குப் பெல்ட் போடுவது வழக்கம். மழை இருட்டில் ரிக்‌ஷாக்காரர்கள் கண்ணில் படுவதற்காக அதில் மினுங்கும் பட்டை தைத்திருக்கும். தடுப்பூசி போட்ட நாய் என்பதற்கும் அதுவே அடையாளம். டாக்டரின் தம்பி காதர் அண்ணன் பட்டறையில் மிஞ்சும் தோல் துண்டுகளில் அந்தப் பெல்ட்டுகளைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுப்பார். போன வருடம், கொட்டுகிற மழையில், பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. காய்ச்சல். உடம்பெல்லாம் சேறு. ரோமம் சொறியில் பாதி உதிர்ந்திருந்தது. டாக்டர் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போய், மருந்து கொடுத்து, மூன்று நாள் கிளினிக்கில் வைத்திருந்தார். ஊசி போட்டார். மற்ற நாய்களுக்குப் போலவே பெல்ட்டும் போட்டார். வளர வளரத் தளர்த்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் அது ஜன்னல் வழியாக ஓடிப்போனது.

குளிர்காலத்தில் அது திரும்பி வந்தது. எங்கள் சொசைட்டியின் பின்சுவருக்கு அப்பால் சேற்று நிலம். அதைத் தாண்டினால் மான்குர்த் வரைக்கும் அலையாத்திக் காடு. சாயங்காலம் சுவர் இடிந்த இடத்தில் ஒரு விலங்கு வந்து நிற்பதைப் பலரும் பார்த்தார்கள். பார்க்க நரி. கழுத்தில் பெல்ட். எங்கள் கட்டடத்தில் அன்றே முடிவாகிவிட்டது: நரியும் நாயும் கலந்து பிறந்தது.

நானும் அப்படித்தான் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. நரி இனத்தில் சில நாயோடு இணைந்து குட்டி போடும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். வெறும் நரியைவிடப் பாதி நரி எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

"டாக்டர், எங்க சொசைட்டில ஒரு ஹைபிரிட் வந்திருக்கு!"

"ஏளா கண்ணாடி, மொதல்ல செருப்பக் கழத்திட்டு உள்ள வா" என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; என் மூக்குக்கண்ணாடிதான் என் பெயர். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். விலங்கின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார். சிவப்பு நூல் தையல். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"எத வச்சுளா கலப்புன்னு சொல்லுத?"

"பெல்ட் போட்டிருக்கே. மனுஷாளைப் பாத்து ஓடவும் இல்லை."

"பெல்ட் அதுக்கு முளைச்சுதாக்கும்?" என்றார். கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு என்னோடு பின்சுவருக்கு வந்தார்.

சேற்றில் உட்கார்ந்துதான் பார்த்தோம். நாய்களின் தடம் இங்கும் அங்கும் அலைந்திருந்தது. இதன் தடம் நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் போனது. முன்கால் தடத்தில் நடுவிரல்கள் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பக்கத்திலேயே எங்கள் கேட் நாயின் தடம். அதில் விரல்கள் தனித்தனி. நான் துள்ளினேன். "அப்போ நரிதான்! இது ஒண்ணு போதுமே!"

"போதாது. சில நாய்க்கும் அப்பிடி ஒட்டியிருக்கும். ஒரு அடையாளத்தப் பிடிச்சிக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லாத. எல்லாத்தையும் பாரு."

எல்லாவற்றையும் பார்த்தோம். சில சாயங்காலங்கள் சுவரோரம் அசையாமல் இருந்தோம். கொசு கடித்தது. வால் குட்டை, அடர்த்தி, கருத்த நுனி; கணுக்காலுக்குக் கீழே இறங்கவில்லை; ஓடும்போதும் நாயைப் போல மேலே சுருளவில்லை. கால்கள் மெலிந்து நீண்டிருந்தன. மூக்குப் பக்கம் குறுகிக் கூர்ந்திருந்தது. காது நுனி மடங்கவில்லை. கலப்பில் அடிக்கடி தெரியும் வெள்ளைக் கால், நெற்றிப் பட்டை, திட்டுத் திட்டான நிறம் எதுவும் இல்லை. இன்னொன்றையும் பார்த்தோம். தண்ணீர் குடிக்கக் குனியும்போது அது இருமியது. பெல்ட் கழுத்து ரோமத்துக்குள் புதைந்திருந்தது. குட்டி வளர்ந்துவிட்டது, பெல்ட் வளரவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்" என்று அவர் சொன்னது அப்போதுதான். எனக்குச் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னார்.

அவர் அங்கேயே நின்று மீட்புக் குழுவுக்குப் போன் செய்தார். காட்டு விலங்குகளைப் பிடித்துக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். அன்றே படங்களையும் அனுப்பினார். பதில் வர ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதே நாளில் ராமநாதன் அங்கிள் சொசைட்டிக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். தெருநாய் பிடிக்கும் வேனைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யத்தான் கூட்டம். வேன் வந்தால் அது நாய்களோடு நாயாகக் கூண்டில் அடைபடும். பயத்திலேயே செத்துவிடும், இல்லாவிட்டால் நோய் பிடித்துச் சாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீட்புக் குழுவிலிருந்து ஒருவர் பதிலோடு அந்தக் கூட்டத்துக்கே வந்தார். போனில் படத்தைக் காட்டி, "பட்டாவாலா ஜான்வர் ஹமாரா நஹீ ஹை, மேடம்" என்று கையை விரித்தார். பெல்ட் போட்டிருந்தால் அது யாரோ வளர்த்தது; எங்கள் வேலை இல்லை என்று அர்த்தம். நரி என்றால் நாய் வேன் தொடாது. நாய் என்றால் மீட்புக் குழு தொடாது. கலப்பு என்றால் யாருக்கும் வேண்டாம்.

"அவ்வளவுதானே?" என்றார் ராமநாதன் அங்கிள். "இது கிராஸ். சுத்தமான ஜாதியா இருந்தா காட்டுல இருந்திருக்கும். வேனைக் கூப்பிடுவோம்."

டாக்டர் எழுந்தார்.

"அந்தப் பெல்ட்டப் போட்டது நான்."

மீட்புக் குழுக்காரரின் போனை வாங்கி, படத்தை ஹால் பக்கம் திருப்பினார்.

"போன மழையில பம்ப் ரூமுக்குப் பின்னால கெடந்தது. நாய்க்குட்டின்னு நெனச்சேன். மூணு நாளு கையில வச்சிருந்தும் எனக்குத் தெரியல. காலு, வாலு, மூஞ்சி, நடை எல்லாம் நரின்னு சொல்லுது. நாய்னு சொல்லுதது என் பெல்ட் ஒண்ணுதான். தப்பு என்னோடது. கழுத்து அதோடது."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டரா? அரே பாப்ரே, நம்ம ராக்கிய இவங்ககிட்டயா காட்டுறோம்?" இன்னும் பலர் சிரித்தார்கள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினார். "ஆமா, தெரியல. இப்பம் தெரியுது. ராக்கி நாய்தான், பயப்படாதீங்க" என்றார். அதன்பிறகு சிரிப்பு அவர் பக்கம் வந்தது.

ராமநாதன் அங்கிள் விடவில்லை. "சரி, ஒருவேளை கிராஸாவே இருந்தா?"

"கலப்புன்னா கழுத்து நெரியாதா சார்?"

இந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்தில் 'கலப்பு' என்ற சொல்லை மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்கிறவர்கள், தயவுசெய்து அதற்கு ஒரு பதில் கண்டுபிடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மீட்புக் குழுக்காரர் ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: நீங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? கிளினிக் முத்திரையோடு போடுகிறேன் என்றார் டாக்டர். மறுநாள் சுவரோரம் கோழி இறைச்சி வைத்த கூண்டு வந்தது. அது சிக்கக் கொஞ்ச நாள் ஆனது. சிக்கியதும் மயக்க ஊசி போட்டு, டாக்டரே பெல்ட்டை வெட்டினார். கத்தரி நுழைய இடமில்லாத அளவுக்கு இறுகியிருந்தது. அடியில் தோல் வட்டமாகப் புண்ணாகியிருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது; துடைக்கக் கை ஓய்வாக இல்லை. அதன் ரோமத்தில் கொஞ்சம் மரபணுச் சோதனைக்கு எடுத்து அனுப்பினார்கள். புண் ஆறியதும் மான்குர்த் பக்கம் அலையாத்திக்குள் கொண்டுபோய்க் கூண்டைத் திறந்தார்கள். அது திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் பார்க்கவில்லை.

சோதனை முடிவு வந்தபோது நான் கிளினிக்கில்தான் இருந்தேன். நாயின் கலப்பு தென்படவில்லை. நான் கைதட்டினேன். அவர் பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டே, "சந்தோசம். கலப்புன்னு வந்திருந்தாலும் பெல்ட்ட வெட்டித்தான் இருப்பேன்" என்றார்.

அந்த வாரம் காத்திருப்பு அறைச் சுவரில் ஒரு சட்டம் போட்ட படம் ஏறியது. பெல்ட்டோடு நிற்கும் நரி. கீழே தமிழிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் அவர் கையெழுத்து: "இதை நான் நாய் என்று நினைத்தேன். தப்பு. — டாக்டர்." வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிலர் போய்விட்டார்கள், திரும்ப வரவில்லை. "எதுக்கு டாக்டர் வலிய மாட்டி வச்சிருக்கேள்?" என்று அம்மா கேட்டாள். "இன்னும் ஒரு குட்டி மழையில கெடக்கும்லா மாமி. அத எடுக்குதவங்க ஒரு தடவ யோசிக்கட்டும்" என்றார்.

கிளினிக்கை இப்போது காலி செய்கிறார்கள். இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் நான் போனபோது, காதர் அண்ணன் ஸ்டூலில் ஏறி அந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெல்ட்டைத் தைத்தவர் அவர்.

"அத எங்க கொண்டு போறேள் அண்ணா?"

"எங்கயும் இல்லம்மா. ஒடச்சிப் போடணும். மௌத்தா போனவள இன்னும் ஜனங்க பாத்துச் சிரிக்கணுமா?"

"அவரே மாட்டினது அண்ணா."

"அவளுக்கு வெக்கம் கெடையாது. சின்னதுல இருந்தே அப்பிடித்தான்" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு படத்தைத் தன் சட்டையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "கொண்டு போ. ஆனா அந்த எழுத்த மறச்சிராத. மறச்சா என்ன வந்து உதைப்பா."

மறைக்கவில்லை. படம் இப்போது எங்கள் வீட்டு வாசலில், மாடிப்படி ஏறுகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்குகிறது. ராமநாதன் அங்கிள் கழற்றச் சொல்லி ஒரு முறை கேட்டார். மாட்டேன் என்றேன். அம்மா இந்த முறை என் பாவாடையை இழுக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, அவருக்கு மாலை போடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் செய்த தப்பை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். அதை ஒத்துக்கொள்ள அவர் கொடுத்த விலை அவருடையது.

எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது ஒரு பழக்கம். மழை விட்ட சாயங்காலங்களில் மான்குர்த் பக்கமிருந்து ஒரு ஊளை கேட்கிறது. நீளமாக எழுந்து, கடைசியில் உடைந்து சிதறுகிறது. நாய் அழுகிறது, யாருக்கோ கெட்ட காலம் என்று கட்டடத்தில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் எங்கள் ஜன்னலைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்கிறேன்: அது நாய் இல்லை, நரி. தப்பாக இருந்தால் நானே வந்து சொல்வேன்.