ரொட்டித் தட்டில் காய வைத்த கடிதம்

பிள்ளைகளா, நேற்று நான் எழுத உட்காரும் முன் காகிதத்தை அடுப்பருகே காட்டியதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தீர்கள். "அப்பா காகிதத்தைச் சுட்டுத் தின்னப் போறாரு" என்றான் சின்னவன். நீங்கள் இந்த மலையிலேயே பிறந்தவர்கள், காகிதம் என்றாலே ஈரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நான் பிறந்த முசிறிப் பக்கத்தில் காகிதம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். மடித்தால் சத்தம் கேட்கும். இங்கே மூடுபனி கதவிடுக்கில் நுழைந்து, பெட்டிக்குள் வைத்த தாளையும் வாழையிலை போலத் துவள வைத்துவிடுகிறது. எழுதினால் மை நாலு பக்கமும் ஓடுகிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குளிரைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயம். அந்த ஈரத்தால் உங்கள் அம்மாவையே நான் இழக்கப் பார்த்தேன். அந்தக் கதையை இன்று எழுதி வைக்கிறேன். அப்பாவின் படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்தவரை நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. வேண்டியவர்கள் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். விடுப்பில் ஊருக்கு வந்த சித்தப்பா கருப்பையா என்னை இந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்த பிறகுதான் எழுத்துக்கு இத்தனை வேலை இருப்பது தெரிந்தது. அப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உடைந்த குடைக்கம்பி ஒன்று கூரையில் தொங்கும். வந்த கடிதங்களை அதில் குத்தி வைப்பார்கள். ஒரு எழுத்தும் தெரியாத பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா, மடிப்பைப் பார்த்தே தன் தம்பியின் கடிதத்தை மட்டும் தப்பாமல் உருவி எடுப்பார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கடிதம் பேச வேண்டும் அல்லவா? அதனால்தான் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி, மூலை கறுத்திருந்தால் சாவு என்று நம் ஜனங்கள் வைத்திருந்தார்கள். கறுப்பு மூலைக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டு போக மாட்டார்கள். வாசலில் நின்றே படிக்கச் சொல்லிக் கேட்டு, கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவார்கள்.

சித்தப்பாவுக்கும் ஊரில் இருந்த என் அம்மாவுக்கும் ஒரு தீராத சண்டை உண்டு. நாங்கள் புறப்பட்டபோது அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றில் உப்பு இல்லை என்பது சித்தப்பாவின் வழக்கு. நான் ஊருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், "உப்பில்லாத கை சௌக்கியமான்னு கேளுடா" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வார். அம்மாவும் அதற்குச் சுடச்சுடப் பதில் எழுதச் சொல்வார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் இருக்கும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் உங்கள் அம்மா லெட்சுமியைப் பார்த்து, பேசி, இருவருக்கும் பிடித்துப் போயிற்று. உங்கள் தாத்தா சின்னையாவிடம் போய்க் கேட்டேன். அவர் நல்லவர், ஆனால் கறாரானவர்.

"தம்பி, உங்கம்மா சம்மதம்னு ஊர்லேருந்து எழுத்து வரட்டும். தை பொறக்கறதுக்குள்ள வந்தா பொண்ணு ஒனக்கு. வரலேன்னா அக்கரப்பத்தனை மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துருவேன்" என்றார்.

வழக்கமாக பஜாரில் தபால் கார்டு வாங்கி, கடை மேசையிலேயே எழுதிப் போட்டுவிடுவேன். இது கல்யாணக் கடிதம். நாலு பேர் எட்டிப் பார்ப்பார்களே என்று வெட்கம். வீட்டில் இருந்த ஒரே தாளை எடுத்து, அடுப்பில் ரொட்டித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் காய வைத்தேன். தட்டு வட்டம், தாள் சதுரம். நாலு மூலையும் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஈர விறகின் புகையில் கறுத்துப் போயின. அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். புகை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்பதுதான் தோன்றவில்லை. சித்தப்பாவுக்குத் தெரியாமல் எழுதியதால் அவருடைய கேலி வரியும் அதில் இல்லை.

கார்த்திகை முடியும் சமயம் பதில் வந்தது. மடுவத்தில் எல்லாரும் கூடையோடு நிற்கும்போது தபால்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு மூலையும் மை தடவிய கறுப்பு. பெண்கள் அப்போதே அழத் தயாராகிவிட்டார்கள். நான் உரக்கப் படித்தேன்.

"மகன் ராமசாமிக்கு அம்மா எழுதிக்கொண்டது. எல்லாரும் நலம் என்று நீ மறைத்தாலும் காகிதம் சொல்லிவிட்டது. கருப்பையாவின் கேலி ஒரு வரிகூட இல்லாதபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கமான மனுஷன். அவனுக்குப் பதினாறு நாள் காரியமும் முறையாகச் செய்துவிட்டோம். ஒரு வருஷத்துக்கு நீ கல்யாணப் பேச்சே எடுக்காதே."

"யாரு செத்தாங்களாம்?" என்று வரிசையின் கோடியிலிருந்து, சரியாகக் காதில் விழாத லெட்சுமி கேட்டாள்.

"சித்தப்பா."

"அவருதான் எங்கிட்ட வெத்தல கேட்டுக்கிட்டு நிக்கிறாரே!"

மடுவமே சிரித்தது. செத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "தங்கமான மனுஷன்னா எழுதியிருக்காங்க? அந்த எடத்தை இன்னொரு தடவ படிடா" என்றார். மூன்று தடவை படிக்க வைத்தார். எனக்கோ கல்யாணக் கவலை. தை பிறக்க ஒரு மாதந்தான் இருந்தது.

தந்தி அடிக்கலாம் என்றார் சின்னையா மாமா. "தந்தியப் பாத்தா பிரிக்கறதுக்கு முன்னாடியே எங்க அண்ணி ரெண்டாவது தடவ தல முழுகிருவாங்க" என்றார் சித்தப்பா. பிறகு என்னை உட்கார வைத்தார். "எழுதுடா. அண்ணி, நான் சாகல. ஒங்க உப்பில்லாத புளிச்சோத்தையே தின்னு செரிச்சவன், இந்தக் குளிருக்கா சாவேன்? எனக்குப் பதினாறு செஞ்சீங்களே, அன்னிக்காவது சோத்துல உப்புப் போட்டீங்களா?"

"அம்மாவுக்குப் போய் இப்படி எப்படி எழுதறது?"

"எழுதுடா. மரியாதையா எழுதினா நான் செத்தது உறுதியாயிரும்."

இந்தத் தடவை தாளை வெயிலில் காய வைத்தேன். உறையின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தாராளமாகவே அப்பினேன். தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சிங்கள ஐயா அதை வாங்கி, முகர்ந்து பார்த்து, கறி கொட்டிவிட்டது என்று எண்ணி, பாவம், துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "எபா மாத்தயா, எபா!" என்று கத்தினேன். வேண்டாம் ஐயா என்பதற்கு மேல் எனக்குச் சிங்களம் வரவில்லை. சாவு என்று விளக்குவதற்காகக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் பதறிப்போய் எழுந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். எனக்கு உடம்பு சரியில்லையாம். அதைக் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். முன்பின் தெரியாத ஊரில் அப்படி ஒரு மனுஷர். மூன்று மூலை துடைபட்டுப் போயிருந்தது. மிஞ்சிய ஒரு மூலை மஞ்சளோடு கடிதம் கடல் தாண்டியது.

அதற்குப் பிறகு நான் நாள் எண்ணினேன். லெட்சுமி தினமும் மடுவத்தில் கண்ணாலேயே கேட்பாள், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அக்கரப்பத்தனைக்காரர்கள் ஒரு தடவை வந்தும் போய்விட்டார்கள். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வாசல் மெழுகிக்கொண்டிருந்த நாளில், தபால்காரர் லயத்துக்கே ஓடி வந்தார். உறை முழுக்க மஞ்சள்.

"உப்புப் போட்டேன். ஒரு கை கூடவே போட்டேன். இப்படி எழுத என் மகனுக்குத் தைரியம் கிடையாது. இந்த வாய் கருப்பையாவின் வாய்தான். தையில் கல்யாணத்தை நடத்துங்கள். பெண்ணைச் சமைக்கச் சொல்லி அவனுக்கு உப்போடு போடுங்கள்."

சின்னையா மாமா அதைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாமலேயே தடவிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். தை மாதம் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலை சித்தப்பாவுக்கு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு. சித்தப்பா பஜாருக்குப் போயிருந்தார், உங்கள் அம்மா தாய்வீட்டு லயத்துக்குப் போயிருந்தாள். தனியாக உட்கார்ந்து, கல்யாணச் சேதியை ஊருக்கு எழுத ஆரம்பித்தேன். அதுவரை தாளின் தலைப்பில் 'முகாம்' என்று போட்டுவிட்டுத்தான் தோட்டத்தின் பெயரை எழுதுவேன். சொந்த ஊர் வேறு, இங்கே சும்மா தங்கியிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். லயத்தில் எழுதத் தெரிந்த எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள், இருபது வருஷமாக இங்கேயே இருப்பவர்களும்கூட. அன்று அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எழுதினால், ஆணியில் புதிதாகத் தொங்கிய உங்கள் அம்மாவின் கொழுந்துக் கூடைக்கு நான் என்ன பதில் சொல்வது? எழுதாவிட்டால், தலைப்பிலிருந்து ஒரு சொல் விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்கும் என் அம்மாவுக்கு என்ன சொல்வது? பிறகு அந்த ஒரு சொல்லுக்கு வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்கப்புறம் தோட்டத்தின் பெயரை எழுதினேன்.