ராவுத்தர் காரில் நான் திருடிய ட்யூப்

வீல் வேலையில் என் மேல் திருட்டுப் பழி விழுந்தது ஒரே ஒரு முறைதான். காணாமல்போன பொருள், முதலிலிருந்தே இல்லாத பொருள். அப்படிப்பட்டதைத் திருடத் தனித் திறமை வேண்டும். இப்போது டயர்க் கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

1. வெள்ளைத் துரு

எண்பதுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரியில் சுப்பையா மேஸ்திரியின் டயர் ஷாப்பில் இருந்தேன். லாரி ரிம், அம்பாசடர் ரிம், எல்லாம் இரும்பு. துரு என்றால் சிவப்பு. அதுதான் எங்கள் படிப்பு.

கருவாட்டு மொத்த வியாபாரி ராவுத்தர் ஒரு நாள் கப்பலில் வந்த காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். துபாயில் இருந்த மகன் அனுப்பியது. வீல் எல்லாம் அலாய், இரும்பில்லை, அலுமினியக் கலவை. மட்டாஞ்சேரியில் நாங்கள் பார்த்த முதல் அலாய். ஓரமெல்லாம் புட்டு மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

"முன் வீல்ல சாயங்காலம் காத்தடிச்சா காலையில தரையில உக்காந்துடுது. ஞாயித்துக்கிழமை மகளைப் பாக்க ஆலப்புழைக்காரங்க வராங்க. இதுலதான் அழைச்சிட்டு வரணும்" என்றார்.

"பங்சர்தான் முதலாளி. ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, ரெடியா இருக்கும்."

அவர் எதிர்க் கடைக்குப் போனார். என் கெட்ட காலம் அங்கே ஆரம்பம்.

லிவர் போட்டு டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி உள்ளே கைவிட்டேன். ட்யூப் இல்லை. ஒரு சுற்றுத் தடவினேன். எதிர்த் திசையில் இன்னொரு சுற்று. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவரும் தடவினார். அனுபவசாலி என்பதால் குனிந்தும் பார்த்தார்.

2. விசாரணை

ராவுத்தர் வந்தார். "ட்யூப் எங்கடா?"

"இல்ல முதலாளி."

"இல்லேன்னா? நேத்து காத்தடிச்சேனே, அது எதுக்குள்ளடா போச்சு? உன் தலைக்குள்ளயா?"

நியாயமான கேள்வி.

மேஸ்திரி என் தோளில் கைபோட்டார். "எடா முருகேசா, எடுத்திருந்தா கொடுத்திடு. நான் ஆருகிட்டயும் பறைய மாட்டேன்." இதை ரகசியமாகச் சொன்னார். மேஸ்திரியின் ரகசியம் படகுத்துறை வரை கேட்கும். சாயாக்கடைச் சேட்டன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்கள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் இருந்தன. ட்யூப் இல்லாதது அவர்களுக்கு ஏமாற்றம்.

"திருட்டுக் கையை வச்சிக்கிட்டு நான் ஷாப் நடத்த ஒக்காது. நாளையிலேருந்து நீ வரண்டாம்" என்றார் மேஸ்திரி.

வேலை போய்விட்ட தைரியத்தில் ஒரு யோசனை வந்தது. "முதலாளி, டிக்கியில ஸ்டெப்னி இருக்கில்ல? அதைத் திறந்து பாப்போம்."

டிக்கிச் சாவி ராவுத்தரின் இடுப்பு பெல்ட்டில் இருந்தது. அவரே திறந்தார். ஸ்டெப்னியைப் பிரித்தேன். அதிலும் ட்யூப் இல்லை. கூட்டம் என்னை விட்டுவிட்டு ராவுத்தரின் இடுப்பைப் பார்த்தது.

"கப்பல்ல எடுத்திருப்பான்" என்றார் அவர், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"அப்ப நேத்து நீங்க அடிச்ச காத்து?" என்றார் சாயாக்கடைச் சேட்டன். அவருக்கு அடுப்பு ஞாபகமே இல்லை.

சரி, ட்யூப் இல்லாமலே அடித்துப் பார்ப்போம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; எனக்கும் நம்பிக்கை இல்லை. ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கி, கம்ப்ரஸர் குழாயை வைத்தேன். 'டப்' என்று வெடி மாதிரி ஒரு சத்தம். கூட்டம் சிதறியது. முதலில் ஓடியவன் நான்தான். திரும்பி வந்து பார்த்தால் டயர் கல்லுபோல் நின்றது.

தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். வெள்ளைப் பொடி இருந்த ஓரத்தில் மட்டும் வரிசையாகக் குமிழி. டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் அந்தப் பொடி புகுந்து வழிவிட்டிருக்கிறது. காற்றுதான் திருட்டுப் போயிருக்கிறது. திருடன் வெள்ளைத் துரு.

மேஸ்திரி மறுபடியும் தோளில் கைபோட்டார். "எனக்கு அப்பவே தெரியும். நாளைக்கு நேரத்தோட வா."

3. வைத்தியம்

அலாயை இரும்பு மாதிரி வயர் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தேய்த்துக் கோடு விழுந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டேன். அப்புறம் எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, முதலில் முரட்டுப் பேப்பர், பின்பு நைஸ் பேப்பர். பொடி போய் வெள்ளி தெரிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, டயர் உட்காரும் இடத்தில் மெல்லிசாகப் பெயிண்ட் ஒரு கோட். காய்ந்ததும் மாட்டினேன். மறுநாள் காலையில் டயர் அப்படியே நின்றது.

துரு வந்த வழியையும் கண்டுபிடித்தேன். கார் நிற்பது கருவாட்டுக் கிட்டங்கியில். டிரைவர் கழுவுவது உப்புக் காயல் தண்ணீரில்.

"நல்ல தண்ணியில கழுவச் சொல்லுங்க முதலாளி."

"வீட்ல குடிக்கவே நல்ல தண்ணி இல்ல. காருக்குக் குடுக்கச் சொல்றியா?"

சனிக்கிழமை அவர் திரும்பி வந்தார். கையில் ஐந்து புது ட்யூப்.

"எல்லாத்துலயும் போட்டுடு. உன்னை நம்புறேன். ஆனா உள்ள ஒண்ணுமில்லாத சக்கரத்துல சம்பந்தியை உக்கார வைக்க மனசு கேக்கல."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆலப்புழைக்காரர்கள் சவாரி செய்தார்கள். கல்யாணம் நடந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு துபாய் மகன் வந்தார். வந்தவர் டயரை எதற்கோ பிரித்துப் பார்த்துவிட்டு நேராக எங்கள் ஷாப்புக்கு வந்தார்.

"ட்யூப் இல்லாமலே ஓடுற டயர்டா இது. எவன்டா இதுக்குள்ள ட்யூப் வச்சது?"

மேஸ்திரி என்னைக் கைகாட்டினார்.

பிள்ளைகளே, டயரைத் திறக்கும்போது வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடும்போதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.