கரும்பலகையில் கனகலதாவின் பெயர்

கனகலதாவுக்கு எப்போது பயம் பிடிக்கும் என்று கேட்கக் கூடாது, எப்போது விடும் என்றுதான் கேட்க வேண்டும். ஆறு வருஷமாகப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவள் நான், சொல்கிறேன். பால்காரன் உரக்கக் கூப்பிட்டால் பயம். தபால்காரன் சைக்கிளை நிறுத்தினால் பயம். மாமனார் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்தால் பயம், ஏதாவது சொல்லிவிட்டு எழுந்தால் அதைவிடப் பயம்.

"உனக்கு மந்திரிச்சு ஒரு கயிறு கட்டணும்டி கனகா" என்பேன்.

"எங்க ஊட்டுல அதெல்லாம் கட்ட மாட்டாங்க டீச்சர்" என்பாள் சிரிக்காமல்.

வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண் அவள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான் என்று அவள் அண்ணன் ஒருமுறை வந்தபோது சொன்னான். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இந்த வாயா பேசியது? எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் தர்மசந்திரன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி ஒன்றில் வேர்க்கடலை மூட்டைகளுக்குக் கணக்குப் பார்த்தான். சாயங்காலச் சாப்பாட்டையும் டப்பாவில் எடுத்துப் போய் அங்கேயே முடித்துவிட்டு, கடைசி பஸ்ஸில் வருவான், ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. மாமியார் இல்லை. வீட்டில் அவளும் மாமனார் அப்பாசாமி நயினாரும்தான்.

நயினார் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொய் சொல்ல மாட்டார், எறும்பை மிதிக்க மாட்டார், கையை ஓங்க மாட்டார். ஆனால் சொன்னால் சொன்னதுதான். மூத்த மருமகள் ஒருநாள் கேட்காமல் சினிமாவுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில், "கிராமத்துல என் அக்கா தனியா இருக்கா, நீ போய் ஒத்தாசையா இரு" என்றார். திட்டு இல்லை, சத்தம் இல்லை. மூத்தவனும் பின்னாலேயே போனான். அந்த இரண்டு பேரும் வருஷக்கணக்கில் அந்தக் கிராமத்திலேயே கிடந்தார்கள். நடவும் களையும் போக, பேச்சுத் துணைக்கு அந்த அத்தைக் கிழவி மட்டும்தான்.

கனகலதாவுக்கு ஊரில் இருந்த ஒரே சொர்க்கம் எங்கள் தெருக்கோடி நூலகம். ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகம் மாற்றிக்கொண்டு வரலாம், அது மாமனார் கொடுத்த அனுமதி. கிராமத்துக்குப் போனால் அது போச்சு.

அவர்கள் சாப்பாட்டு முறையையும் சொல்லியாக வேண்டும். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒன்றும் படக் கூடாது, தண்ணீர்கூட. ஊரிலுள்ள மற்ற ஜைன நயினார் வீடுகளில் பஞ்சாங்கத்தைப் பார்த்து அஸ்தமன நேரம் சொல்வார்கள். நம் அப்பாசாமி நயினாருக்குப் பஞ்சாங்கம் போதாது. எங்கள் ஊருக்கு மேற்கே மலை நிற்கிறது அல்லவா? சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் அவருக்கு அஸ்தமனம். "கண்ணுக்குத் தெரியாத சூரியனை நம்பி நான் சாப்பிட மாட்டேன்" என்பார். ஆகவே ஊரெல்லாம் சாயங்காலக் காப்பி குடிக்கும் நேரத்தில் அந்த வீட்டில் ராச்சாப்பாடு முடிந்து அடுப்பை மெழுகிவிடுவார்கள். சாப்பாடு ஆனதும் அவர் உலாவப் போவார். அதற்கப்புறம் கனகலதாவுக்கு வேலையே இல்லை. நாங்களெல்லாம் அப்போதுதான் அரிசி களைவோம்.

எண்பத்திரண்டாம் வருஷம் நூலக வார விழா வந்தது. கண்காட்சி, கவியரங்கம், வில்லுப்பாட்டு, கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை மகளிர் பட்டிமன்றம். குடும்பம் சிறக்கப் பெரிதும் வேண்டுவது பொறுமையா, மனம் விட்ட பேச்சா? எனக்குப் பொறுமை அணி கொடுத்தார்கள். திரௌபதி டீச்சருக்குப் பொறுமையாம் என்று என் பள்ளிக்கூடமே வயிறு குலுங்கச் சிரித்தது. எதிரணிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் எந்தப் பெண் வருவாள்? சோறு யார் வடிப்பார்கள்?

"கனகா, நீ வாயேன். உனக்குத்தான் அந்நேரம் வேலை இல்லையே."

வேண்டாம் என்றுதான் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் டீச்சர்?" என்றாள். பேச்சுப் பக்கம் என்றேன். "வரேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் களை கரும்பலகை வெளியே வரும்வரைதான். நூலக உதவியாளர் சின்னசாமி விழா என்றால் ரோட்டோரம் ஒரு பெரிய கரும்பலகையை நிறுத்தி, வரப்போகும் நிகழ்ச்சிகளையெல்லாம் கலர் சாக்பீஸில் எழுதுவார். எழுத்து மணி மணியாக இருக்கும். சுற்றிலும் பூக்கொடி வேறு போடுவார். அதில் கடைசி வரி, 'திருமதி கனகலதா தர்மசந்திரன்'. மஞ்சளில் எழுதி, சிவப்பில் நிழல் கொடுத்திருந்தார் அந்த மனுஷன்.

அன்று மத்தியானமே கொல்லைப்புறமாக ஓடி வந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது.

"டீச்சர், பேரை எழுதுவாங்கனு நீங்க சொல்லவே இல்லையே! மாமா தினம் அந்த வழியாதான் உலாவப் போறாரு. பார்த்தாருனா என் கதை முடிஞ்சிது. உங்களுக்குப் புண்ணியமா போவும், அழிக்கச் சொல்லுங்க."

"பேச வேணாம்னு சொல்லிடட்டா?"

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "பேசணும் டீச்சர். பேரு மட்டும் வேணாம்" என்றாள்.

நான் போய்ச் சின்னசாமியிடம் கெஞ்சினேன். "பேரு எழுதாம எப்படிங்க டீச்சர்? தலைவர் பார்த்தா என்னைத் தொலைச்சுடுவாரு" என்று தலையைச் சொறிந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் நயினார் உலாவ வரும் நேரத்துக்குத் தன் சைக்கிளைக் கொண்டுவந்து கடைசி வரியை மறைத்து நிறுத்துவார். கேரியரில் பழைய பேப்பர்க் கட்டு ஒன்றும் ஏற்றிவைப்பார். நயினார் வருவார், பலகை முன் நிற்பார், கண்காட்சி, கவியரங்கம் என்று மேலேயிருந்து படிப்பார், சைக்கிள்வரை வந்து போய்விடுவார். சின்னசாமி உள்ளே ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கனகலதா தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். அவர் திரும்பி வந்து வழக்கம்போலத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்த பிறகுதான் அவளுக்கு உயிர் வரும்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தோம். அப்போதுதான் வாசகர் வட்டத் தலைவர் சக்கரபாணி ஒரு நல்ல காரியம் செய்தார். பெண்கள் இருட்டில் வீட்டுக்குத் திரும்பக் கூடாதாம், போய்ச் சமைக்கவும் வேண்டுமாம். ஆறு மணிக் கூட்டத்தை நாலரைக்கு மாற்றிவிட்டார்.

"எல்லாப் பொம்பளைங்களுக்கும் சவுகரியமா இருக்கும்ல டீச்சர்?" என்று பல்லைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் ஒருத்திக்கு மட்டும் அந்த நேரம்தான் அடுப்பில் கை இருக்க வேண்டிய நேரம் என்று இவருக்கு எங்கே தெரியப்போகிறது? சொன்னால் காரணம் கேட்பார், காரணம் சொன்னால் நயினாரிடமே போய் அனுமதி வாங்கித் தருகிறேன் என்று கிளம்புவார். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கனகலதா அன்று ராத்திரி தூங்கவில்லை என்று மறுநாள் அவள் கண்ணே சொன்னது. நயினார் தானாகப் போட்டுச் சாப்பிட்டதே கிடையாது. அவள் பரிமாறாமல் போய், அவர் சாப்பிடாமல் இருந்து, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால்? அப்புறம் மறுநாள் விடிந்துதான் சாப்பாடு. அறுபத்தெட்டு வயது மனுஷனைப் பட்டினி போட்டவள் என்ற பேரோடு கிராமத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே சமைத்தாள். தட்டு வைத்து, சோறு குழம்பு எல்லாம் போட்டு மூடி, பக்கத்தில் சொம்பில் தண்ணீர் வைத்தாள். "நூலகத்துக்குப் போய்ட்டு வரேன் மாமா. வேளையோட சாப்பிட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் ம் என்றாராம். பொய் இல்லை பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை நூலகம்தானே. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நூலக வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. எதிர் லைட் கம்பத்தில் ஏறி இரண்டு பேர் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் எங்கள் தெருவைப் பார்த்து இருந்தது. அடக் கடவுளே, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை! பேரை மறைக்கச் சைக்கிள் வைத்தோம், குரலை மறைக்க எதை வைப்பது?

"திரும்பிப் போயிடறேன் டீச்சர்" என்றாள். ஆனால் போகவில்லை. உள்ளே மைக்கில் சக்கரபாணி அவள் பேரைச் சேர்த்து ஊருக்கே வாசித்துக்கொண்டிருந்தார்.

அன்று என்ன பேசினேன் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஏதோ பேசினேன், கை தட்டினார்கள். அடுத்து அவள். முதல் இரண்டு வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் குரல் வந்தது. நல்ல கணீர்க் குரல், ஆறு வருஷம் எங்கே வைத்திருந்தாளோ! கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானே எதிரணி என்பதை மறந்து சிரித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் பின்வாசலில் நயினார் வந்து நின்றார். தோள் துண்டு இல்லை. வலது கையில் ஈரம் காயவில்லை. தட்டில் கை வைத்த பிறகு ஸ்பீக்கரில் மருமகள் குரல் கேட்டிருக்கிறது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் எழுந்தால் எழுந்ததுதான், அந்த வேளை முடிந்தது. சின்னசாமி நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவர் உட்காரவில்லை.

கனகலதா பார்த்துவிட்டாள். பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கம்பி ஆடியது. அந்த நடுக்கம் ஸ்பீக்கரில் கரகரவென்று தெருவெல்லாம் கேட்டது. போச்சு, விழுந்துவிடுவாள் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். மேற்கு ஜன்னலில் வெயில் போய்விட்டது.

நேரம் ஆயிற்று என்று சக்கரபாணி மணியைத் தட்டினார். அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள், பிறகு நேராக வாசலைப் பார்த்தாள்.

"பொறுமை நல்லதுதாங்க. ஆனா ஒருத்தர் பொறுத்துக்கிட்டு இருக்காங்கனு எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. அவங்க எல்லாம் சரியா இருக்குதுன்னே நெனச்சுக்கிட்டிருப்பாங்க. சொன்னாதான் தெரியும்" என்றாள். வணக்கம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பொறுமைதான் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்ததற்காக எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல!

கூட்டம் கலைந்தது. நயினார் எங்களுக்காகக் காத்திருந்தார். முன்னால் நடந்தார். அவர் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் நான். கார்த்திகை தீபத்துக்குச் சரக்கு வந்து இறங்கிய கடைகளில் ஒரே சத்தம், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. சினிமாவுக்குப் போன மறுநாள் மூத்த மருமகளின் டிரங்குப் பெட்டி மாட்டுவண்டியில் ஏறியது எனக்கு நினைவுக்கு வந்தது. கனகாவுக்கும் அதேதான் வந்திருக்கும்.

அவர்கள் வீட்டு வாசலில் அவர் திரும்பினார்.

"ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா அனுப்பியிருப்பீங்களா மாமா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

"கிராமத்துக்கு அனுப்பறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க மாமா. காலையிலவரைக்கும் என்னால தாங்க முடியாது."

"இன்னாத்துக்கு இப்படிப் பயந்து சாவற? நான் ஒருநாளாவது உன்னை அடிச்சேனா? ஒரு சுடுசொல்லு சொன்னேனா?"

"இல்ல மாமா."

"அப்புறம்?"

"நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும் மாமா. வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான். இன்னா தப்பு பண்ணோம்னு தேட ஆரம்பிச்சுடுவேன். ஒரு தப்பும் இல்லாட்டியும் தேடுவேன்."

மேடையில் பேசிய குரல் இல்லை இது. ரொம்பத் தணிந்த குரல். ஆனால் நடுக்கம் இல்லை. நயினார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

"நீ எங்கேயும் போவ வேணாம்" என்றார் கடைசியில். "உள்ள போம்மா."

அவள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அவர் பாதியில் விட்டு எழுந்த தட்டை அவள் எடுக்கும் ஓசை கேட்டது. அவர் படியருகே வந்தார். ஒரு செருப்பிலிருந்து காலைப் பாதி உருவினார், உடனே திரும்ப உள்ளே நுழைத்துக்கொண்டார்.

"நீங்களும் உள்ள போங்க மாமா, பனி பெய்யுது" என்றேன்.

"போறேன்மா, போறேன்" என்றார்.

நான் என் வீட்டில் அரிசி களைந்து உலையில் போட்டு, அது கொதித்து, வடித்தும் ஆயிற்று. எட்டிப் பார்த்தேன். அப்பாசாமி நயினார் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.