வேறு மருந்து: இல்லை

குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் சிநேகாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அப்பா ஏசுபாதம் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டிப் படிக்கவைத்த பெண். யாருக்கும் பணிந்து பழக்கமில்லை.

அன்று செங்கல்பட்டு அரசு மருத்துவமனை வார்டில் அவள் கத்தியது கேன்டீன் வரைக்கும் கேட்டது. நெம்மேலியில் மீன் விற்கும் ஆதியம்மாள், சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, கூடையோடு மயங்கி விழுந்திருந்தாள். அவள் இடுப்புச் சுருக்குப்பையில், சர்க்கரையைக் குறைக்கும் சிறுகுறிஞ்சான் மூலிகைப் பொடி இருந்தது. சர்க்கரை மாத்திரையோடு அதையும் தினம் விழுங்கியிருக்கிறாள்.

"போன வாரம் கேட்டனே! வேற மருந்து இல்லைன்னு ஏம்மா பொய் சொன்ன? உயிரு போயிருந்தா?"

குளுக்கோஸ் ஏறிய தெம்பில் ஆதியம்மாளும் எகிறினாள். "நீ இன்னா கேட்ட? நின்னுகினே, கண்ட பொடியெல்லாம் துன்றியான்னு கேட்ட. ஆமா, துன்றேன்னு எவ சொல்லுவா?"

சிநேகாவுக்குச் சித்த மருத்துவத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த மூன்று நாள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான்: உட்கார்ந்து கேள், மட்டம் தட்டாமல் கேள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். போன வாரம், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று, கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டு, படிவத்தில் 'இல்லை' என்று எழுதியவளும் அவள்தான். இப்போது தன்மேலேயே பொங்கிய ஆத்திரத்தைக் காட்ட எதிரில் ஆளில்லை.

"மொறைக்காத. வூட்ல இன்னும் ரெண்டு பொட்டலம் கீது," என்றாள் ஆதியம்மாள். "குந்து. குந்திகினு கேளு, சொல்றேன்."