குருவிக்கு ஒரு கெட்டிமேளம்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் அம்மன் கோயில் மண்டபத்தில் ஈசான மூலை மட்டும் பழைய காவி நிறத்திலேயே இருக்கும். மற்ற இடமெல்லாம் பளபளவென்று வண்ணம். புதிதாக வருகிறவர்கள், பெயின்ட் தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்பார்கள். தீரவில்லை. அதற்குக் காரணம் நானும் என் மனைவியும்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அம்மன் மன்னிப்பாள்.

நான் கல்யாண போட்டோ எடுக்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சிவாஜிநகரில் ஒரு ஸ்டுடியோவில் தொழில் கற்றுக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவில் சொந்தமாக ஒரு ஜப்பான் கேமரா வாங்கியிருந்தேன். பிலிம் ரோல் போட்டு எடுக்கிற காலம் அது.

என் மனைவிக்கு ஒரு வேண்டுதல். எங்கள் பெண் நல்லபடியாகப் பிறந்தால் தினமும் காலையில் கோயில் மண்டபத்தைக் கூட்டிக் கோலம் போடுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். ஈசான மூலையில், மேல் உத்தரத்துக்கு அடியில், குருவிகள் கூடு கட்டியிருந்தன. இறகையும் வைக்கோலையும் எச்சிலால் ஒட்டிய கூடு. நுழைய ஒரு சின்னப் பொந்து. உழவாரக் குருவி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற உழவாரம் போலவே வளைந்த இறக்கை. அது தரையில் இறங்காது, கம்பியில் உட்காராது. பறந்தபடியே பூச்சி பிடித்து, பறந்த வேகத்திலேயே பொந்துக்குள் போய்விடும். கீழே விழுகிற எச்சத்தைத் தினமும் சுரண்டிக் கழுவுகிறவள் என் மனைவி. ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. “பிள்ளை பெத்தவ வீடு அப்படித்தான் இருக்கும்” என்பாள்.

அந்த வருஷம் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். மேற்குப் பக்கம் சாரம் கட்டி வண்ணம் அடிக்க ஆரம்பித்தாயிற்று. கமிட்டித் தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது. ஒரு நாள் காலையில் ஈசான மூலையைக் காட்டி மேஸ்திரியிடம், “அந்த வௌவால் கூடு எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுட்டு அடிபா” என்றார்.

கூட்டிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். “அது வௌவால் இல்லீங்கண்ணா. குருவி. குஞ்சு பொரிச்சிருக்கு.”

“இன்னாமா சொல்றே? சாயந்தரம் பார்த்தா கறுப்பா சர்ருனு போவுது. ஒரு நாளாச்சும் உக்காந்து பாத்துக்கிறியா? குருவின்னா உக்காரணும்.”

“இது உக்காராத குருவிண்ணா.”

“உக்காராத குருவி! கேட்டுக்கோ மேஸ்திரி.” இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துத் தலைவர் குரலைத் தணித்தார். “ஈசான மூலையில வௌவாலை வெச்சிக்கினு கும்பாபிஷேகம் பண்ணா ஊரே சிரிக்கும்மா. நெஜமா குருவின்னா சொல்லு, நானும் புள்ளகுட்டிக்காரன், விட்டுடலாம். உன் வூட்டுக்காரர் போட்டோ புடிக்கிறவர்தானே? மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு புடிச்சாரச் சொல்லு. சாரம் இங்க வர்றதுக்குள்ள வரணும்.”

அவள் வீட்டுக்கு வந்து காபி கூடக் கொடுக்காமல் இதைத்தான் முதலில் சொன்னாள். “என்ன பெரிய விஷயம், எடுத்துடலாம்” என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரோல் முழுக்க முடியாமல் கழுவக் கொடுக்க மாட்டோம். கல்யாணம் முடிந்து ரோலில் மிச்சம் இருக்கிற படங்களை வீட்டுப் பிள்ளைகளையோ கோயில் கோபுரத்தையோ எடுத்துத் தீர்ப்போம். அப்படி மிஞ்சியதை எல்லாம் குருவிக்கு வைத்தேன். கழுவி வந்து பார்த்தால் ஒன்றில் வெறும் உத்தரம், ஒன்றில் இறக்கை நுனி, ஒன்றில் யாரோ கரித்துண்டால் இழுத்த மாதிரி ஒரு கோடு. அது போதாதென்று, லேப்காரர்கள் அதையும் கல்யாணப் படங்களோடு பிரின்ட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணப் பெண்ணின் அப்பா அந்தக் கோட்டைக் காட்டி, “இது என்னங்க, பந்திப் படத்துக்கு அடுத்து கறுப்பா?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

“கோயில் குருவிங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு அம்மனே அனுப்பியிருக்கா” என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றி ஆல்பத்தில் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

எனக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. பிளாஷ் அடிக்க மனம் வரவில்லை, குஞ்சுகள் பயந்துவிடும். மாலையில் வெயில் சாய்ந்து அந்த மூலைக்குள் விழுகிற கொஞ்ச நேரம்தான் வெளிச்சம். பறவையைப் பார்த்து நான் பட்டனை அமுக்குவதற்குள் அது உள்ளே போய்த் திரும்பியும் விடும். சாரம் ஒவ்வொரு தூணாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

“இத்தனை கல்யாணம் எடுத்தேன்னு பீத்திக்கிறீங்க. ஒரு குருவி மாட்டலையா?” என்றாள் மனைவி.

“கல்யாணப் பொண்ணு இந்த வேகத்துல ஓடினா அவளும் மாட்ட மாட்டா.”

“தாலி கட்டறது மட்டும் எவ்வளவு நேரம்? கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சிடுது. அது எப்படி விழுது உங்க கேமராவுல?”

நான் யோசித்தேன். முடிச்சைப் பார்த்து நான் அமுக்குவதே இல்லை. பார்த்துவிட்டு அமுக்கினால் அது முடிந்துபோயிருக்கும். பெண்ணின் கழுத்தில் முன்கூட்டியே போகஸ் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். பெரியவர் யாராவது “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும் விரல் தானாக அமுங்கும். அதைச் சொல்லி, “அங்கே கெட்டிமேளம் சொல்ல ஆள் இருக்கு. இங்கே யார் சொல்றது?” என்றேன்.

“குஞ்சுங்க சொல்லுதே! நீங்க கேமராவுக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டா எங்க காதுல விழும்? அம்மா மண்டபத்துக்குள்ள திரும்பும்போதே கூட்டுக்குள்ள கிச்கிச்சுனு ஆரம்பிச்சிடும். தினம் அடியில நின்னு கூட்டறேன், எனக்குத் தெரியாதா?”

மறுநாள் மிச்ச ரோலை நம்பாமல் புது ரோல் போட்டேன். பொந்துக்கு ஒரு சாண் முன்னால் போகஸ் வைத்து கேமராவைத் தூணோடு அழுத்திப் பிடித்தேன். அவள் கூட்டுக்கு நேர் கீழே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதை மேலே கொடுத்து நின்றாள்.

“‘இப்போ’ன்னு சொல்லட்டுமா?” என்றாள்.

“வேண்டாம். என் விரலுக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான்.”

வெயில் மூலைக்கு வந்தது. அவள் தலையைச் சாய்த்தாள்.

“கெட்டிமேளம்!”

நான் அமுக்கினேன். சாயரட்சைப் பூஜைக்குக் காத்துக்கொண்டிருந்த கோயில் தவில்காரர் பழக்க தோஷத்தில் இரண்டு அடி அடித்துவிட்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மா கையிலிருந்த உதிரிப்பூவைத் தன்னையறியாமல் தூவிவிட்டார். கமிட்டி அறையிலிருந்து தலைவர் ஓடி வந்தார். “இன்னாபா நடக்குது? யாருக்குக் கல்யாணம்?”

“குருவிக்குண்ணா. கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள் என் மனைவி. அம்மன் சந்நிதியில் அவரை அடக்கிய முதல் ஆள் அவள்தான். ரோல் முடியும்வரை அவள் சொல்லச் சொல்ல அமுக்கினேன். கடைசியில் தவில்காரரும் வேண்டுமென்றே சேர்ந்துகொண்டார்.

ரோலைக் கழுவி வாங்கியபோது சாரம் பக்கத்துத் தூணுக்கு வந்திருந்தது. லேப்பின் வெளிச்சப் பலகையில் நெகட்டிவைப் போட்டுப் பார்த்தேன். பாழ், பாழ், பாதி இறக்கை, பாழ். பிறகு ஒன்று. பிரின்ட் போட்டுக் கையில் வாங்கினேன். இரண்டு இறக்கையும் விரிந்து நிற்கிறது. சின்ன அலகு. ஒரு சொட்டு வெயில் விழுந்த கண். வெள்ளைத் தொண்டை, பூச்சியை அடக்கிக்கொண்டு உருண்டையாக வீங்கியிருக்கிறது. பொந்துக்குள்ளிருந்து ஒரு குஞ்சின் திறந்த வாய். எத்தனையோ அலங்காரம், எத்தனையோ மணமேடை எடுத்திருக்கிறேன். இது நான் எடுத்த படம் என்று என் மனம் அன்றைக்குத்தான் சொன்னது.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தோளுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி, “அலகு இருக்குங்க” என்றார்.

“தொண்டை இன்னா இப்படி வீங்கிக்கினு இருக்கு?”

“குஞ்சுக்குச் சோறுண்ணா” என்றாள் என் மனைவி.

அவர் படத்தையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார். சரியாக அப்போது ஒன்று சர்ரென்று உள்ளே போயிற்று. “மேஸ்திரி, அந்த மூலையை விட்டுடு. குஞ்சு பறந்தப்புறம் அடிச்சுக்கலாம். அம்மன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா.”

கும்பாபிஷேகத்தன்று குருக்கள் தீர்த்தத்தை அந்தப் பழைய மூலைக்கும் சேர்த்துத் தெளித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குஞ்சுகள் பறந்த பிறகு மேஸ்திரி வாளியோடு வந்தார். பக்கத்துக் கூட்டில் வேறொரு ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. திரும்பிப் போனார். அடுத்த முறையும் அப்படியே. பிறகு வருவதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கும்பாபிஷேகம் வந்தது. புதுக் கமிட்டி, புது மேஸ்திரி. “இந்த மூலை ஏன் இப்படிக் கிடக்கு? சுரண்டிடலாமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பழைய தலைவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். வயதாகியும் குரல் மட்டும் குறையவில்லை.

“அதைத் தொடாதே. அது உக்காராத குருவிபா. போட்டோ இருக்குது, கமிட்டி ஆபீஸ்ல போய்ப் பாரு.”

துடைப்பத்தோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன்.