கேபிளும் என் நாத்தனாரின் முழங்காலும்

போன வியாழக்கிழமை என் பைக்கின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. முறுக்கினேன். கைதான் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. கலெக்டர் ஆபீஸ் எதிரில், நட்டநடு ரோடு. பின்னால் கீழ்பென்னாத்தூர் பஸ். அந்த டிரைவர் ஹாரனிலேயே என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே... சரி, அதை விடுங்கள்.

என் பைக்கைப் பற்றி ஏற்கெனவே இங்கே புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: அது என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், அது ஆகவில்லை. கணக்கு டீச்சராக இருந்த காலத்திலிருந்து அதில்தான் போய் வருகிறேன். வேங்கிக்காலில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘பைக் டீச்சர்’ என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

இந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நல்லவேளை, சென்னையில் ஒரு பழைய கடையில் வாங்கிய கேபிள் ஒன்று பரணில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“மெக்கானிக்கிட்ட விட்டா இன்னா?” என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த ஒரு கேள்விக்காகவே நானே செய்தேன். வேறு காரணம் இல்லை.

கேபிள் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேங்கைக் கழற்ற வேண்டும். பழையதை உருவ வேண்டும். புதியதில் ஆயில் விட்டு, ஒரு முனையைக் கைப்பிடிக்குள்ளும் மறுமுனையை எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் கார்ப்ரேட்டருக்குள்ளும் மாட்ட வேண்டும். கார்ப்ரேட்டரில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கம்பியின் முனையைக் கொக்கியில் நுழைக்க வேண்டும். முதல் தடவை அந்த ஸ்பிரிங் எகிறிப் போய் வீட்டுக்காரரின் காபி டம்ளரில் விழுந்தது. அவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. பழைய கேபிள் கைப்பிடியிலிருந்து கிளம்பி, ஹெட்லைட்டுக்கு முன்னால் தொளதொளவென்று ஒரு வளைவு வளைந்து, அப்புறம்தான் டேங்குக்குக் கீழே போகும். பார்க்கவே அசிங்கம். ரிப்பன் அவிழ்ந்த ஜடை மாதிரி. பக்கத்திலேயே நேர்வழி இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று? இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் நேர்கோடு என்று காலமெல்லாம் போர்டில் எழுதியவள் நான். புதுக் கேபிளை நேராக இழுத்து, ஃபிரேமோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினேன். கச்சிதமாக இருந்தது. ஸ்டார்ட் செய்து முறுக்கினேன், உறுமியது. விட்டேன், அடங்கியது. எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

அடுத்தது டெஸ்ட் டிரைவ். எங்கள் ஊரில் டெஸ்ட் டிரைவ் என்றால் என்னவென்று சொல்ல வேண்டுமா? அண்ணாமலையார் மலையை ஒரு சுற்று சுற்றி வருவதுதான். புதுக் கார் வாங்கினாலும் சரி, பழைய ஸ்கூட்டருக்கு டயர் மாற்றினாலும் சரி. பதினாலு கிலோமீட்டர் ஓடிய மாதிரியும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு.

சனிக்கிழமை கிளம்பலாம் என்று இருந்தேன். காலையிலேயே மல்லிகா வந்துவிட்டாள்.

மல்லிகா என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். வருஷக்கணக்காக முழங்கால் வலியில் தேய்ந்துபோனவளுக்கு இந்த வருஷம்தான் ஆபரேஷன் நடந்தது. இடது காலில் புது மூட்டு. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். டாக்டர் கடைசி நாளில் சொன்னதை நானும் கேட்டேன்: “நடக்கலாம், படி ஏறலாம், வண்டியில பின்னாடி உக்காரலாம். விழ மட்டும் கூடாது.”

ஆபரேஷன் நன்றாக நடந்தால் கிரிவலம் நடக்கிறேன் என்று அவளுக்கு வேண்டுதல். ஆனால் பதினாலு கிலோமீட்டருக்கு இன்னும் கால் தயாராகவில்லை.

“நடக்கறத அப்புறமா நடக்கறேன் அண்ணி. இப்ப ஒரு சுத்து போயி, ‘லேட் ஆவும் சாமி’னு சொல்லிட்டாவது வந்துடலாம். உங்க வண்டியில இட்டுனு போங்க.”

“உன் பையன் ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வரேன்னானே? என் பைக்ல ஏறவே கூடாதுன்னு போன்ல சொன்னானாமே?”

“அவன் கெடக்கறான். காருலயும் ஆட்டோலயும் போனா கூரை மறைக்கும். மலைய எப்புடிப் பாக்கறது?”

ஏற்றிக்கொண்டேன்.

கிரிவலப் பாதையில் முதலாவதான இந்திர லிங்கத்தைத் தாண்டியதுமே பின்னாலிருந்து குரல். “அண்ணி, மலை எங்க?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. புடவை கட்டிய பெண்கள் பைக்கில் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்கள்? இடது பக்கம். கிரிவலத்தில் மலை எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கம். ஆக, கூரை மறைக்கக் கூடாது என்று பைக்கில் வந்தவள், அண்ணாமலையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போகிறாள்!

“பாவம் அண்ணி இது. ஜாஸ்தி பாவம்.” கழுத்தை வலது பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு லிங்கத்திடமும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மலைப் பக்கம் திரும்பி, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டாள். வழியில் அடி அண்ணாமலையில் டீ குடித்தோம். இவ்வளவு வாய் ஓயாமல் அவள் பேசிக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. வலி போனால் மனுஷிக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வண்டியும் அப்படி ஓடியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. கேபிள் பிரமாதம், என் கை பிரமாதம் என்று எனக்குள் ஒரே பாராட்டு விழா.

கடைசியில் இருக்கும் ஈசானிய லிங்கத்தோடு சுற்று முடிந்தது. வேங்கிக்கால் போக இடது பக்கம் திரும்பினேன். அகலமான ரோடு, ஹேண்டிலை லேசாகத்தான் வளைத்தேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியது. நான் முறுக்கவில்லையே?

“வண்டிக்கு வூட்டு நெனப்பு வந்துடுச்சு அண்ணி” என்றாள் மல்லிகா. நானும் சிரித்துக்கொண்டேன்.

அடுத்தது எங்கள் தெரு முனை. இடது பக்கம், குறுகலான திருப்பம். ஹேண்டிலை நன்றாக ஒடிக்க வேண்டும்.

ஒடித்தேன்.

எஞ்சின் அலறியது. ஆக்சிலேட்டரை முழுசாக விட்டுவிட்டேன், அலறல் நிற்கவில்லை. வண்டி பாய்ந்தது. கிளட்சைப் பிடித்திருக்கலாமே என்பீர்கள். உண்மைதான். இதோ இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கும் அது தெரிகிறது. அப்போது என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்... விழ மட்டும் கூடாது, விழ மட்டும் கூடாது.

விழவில்லை. மணலில் புதைந்தோம்.

இந்த மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெரு முனை மனையில் முருகேசன் என்பவர் வீடு கட்டுகிறார். அவர் கொட்டியிருந்த மணல் பாதித் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். “இந்த வாரத்துக்குள்ள எடுக்கலன்னா கலெக்டர் ஆபீஸ் ரெண்டே தெருதான், நடந்தே போவேன்” என்று மிரட்டியும் இருக்கிறேன். அந்த மணலுக்குள்தான் என் முன்சக்கரம் பாதி இறங்கி, எஞ்சின் அணைந்து, வண்டி ஸ்டாண்ட் போடாமலே நின்றுகொண்டிருந்தது.

பின்னால் திரும்பினேன். சீட்டில் மல்லிகா இல்லை.

மணல்மேல் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டிக்கொண்டு.

“கால்... மல்லிகா, கால்...” மண்டியிட்டு அவள் முழங்காலைத் தொடப் போனேன். தொடவும் பயம்.

அவள் மெதுவாகக் காலை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

“மடங்குது அண்ணி.”

அழுதுவிட்டேன். தெருவில், பட்டப்பகலில். சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி. அவளோ மணலை ஒரு கை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் அழுவறீங்க? மல்லாட்டைக் குவியல்ல உக்காந்த மாதிரி மெத்துனு கீது.” வேர்க்கடலை விளையும் ஊர்க்காரி. அவளுக்கு எதை அளந்தாலும் மல்லாட்டைக் கணக்குதான்.

அப்புறம் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அண்ணி, நாம வூட்ட வுட்டுக் கெளம்புனதுலேர்ந்து இடது பக்கம் திரும்பவே இல்ல. கவனிச்சீங்களா?”

“என்ன சொல்ற?”

“என் கழுத்து சொல்லுது. மலைய பாத்துகினே வந்தேன் இல்ல? முழுக்க வலது பக்கமே போயிகினு இருந்தோம். இப்பதான் இடது திரும்புனோம். திரும்புனதும் கத்துது.”

யோசித்துப் பார்த்தேன். வீட்டு கேட்டிலிருந்து வலது. தெரு முனையில் வலது. அப்புறம் மலை... மலையைச் சுற்றினால் வலது தவிர வேறு ஏது? ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துப் பார்த்தேன். நான் நேர்கோட்டில் கட்டிய அந்தக் கச்சிதமான கேபிள், துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்துக்கொண்டது. ஹேண்டில் இடது பக்கம் போனால் கைப்பிடி முன்னால் போகிறது. கேபிள் எட்டவில்லை. எட்டாத கேபிள் என்ன செய்யும்? தானே ஆக்சிலேட்டரை இழுக்கும். வலது பக்கம் திருப்பினால் தொய்கிறது, ஒரு தொல்லையும் இல்லை. நான் அசிங்கம் என்று எடுத்த அந்தத் தொளதொள வளைவு, இடது பக்கம் திரும்புவதற்காக எவனோ ஒரு புண்ணியவான் யோசித்து விட்டுவைத்த இடம்.

அதற்குள் சத்தம் கேட்டு முருகேசன் ஓடிவந்தார். மணலில் என் பைக். மணல்மேல் என் நாத்தனார். கண்ணீரோடு நான். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

“மேடம், சாயங்காலத்துக்குள்ள அள்ளிடறேன் மேடம். ஆளு வரல. சத்தியமா அள்ளிடறேன்.”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“ரொம்ப நன்றிங்க முருகேசன்.”

“மேடம், கிண்டல் பண்ணாதீங்க.”

“கிண்டல் இல்லங்க. மணல் இல்லன்னா இன்னைக்கு எதிர் சுவருதான். நல்லா இருக்கணும் நீங்களும் உங்க வீடும்.”

அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. என் வாயிலிருந்து இதுவரை அவர் கேட்டதெல்லாம் வேறு ஆயிற்றே? ஆனாலும் ஓடிப்போய் மல்லிகாவுக்கு நாற்காலி கொண்டுவந்தார், தண்ணீர் கொடுத்தார், என்னோடு சேர்ந்து வண்டியை மணலிலிருந்து இழுத்தார். நான் சண்டை போட்ட அத்தனை தடவையும் இந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். நாம் நம்மை நாமே சோதித்துப் பார்க்கும் ரோடெல்லாம் இப்படித்தான் இருக்கிறதோ? நமக்கு வசதியான பக்கமே வளைந்துகொண்டு போகும். ஆமாம் சாமி போடுகிறவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்போம். ஏற்கெனவே பிடித்தவர்களிடம் மட்டும் நல்ல பேர் வாங்குவோம். அப்புறம், கேபிள் பிரமாதம், கை பிரமாதம்! பதினாலு கிலோமீட்டர் தப்பில்லாமல் ஓடியது என்பதற்கு, பதினாலு கிலோமீட்டரும் ஒரே பக்கம் திரும்பினோம் என்றுகூட அர்த்தம் இருக்கலாம்.

மத்தியானம் டேக்கையெல்லாம் வெட்டி எறிந்தேன். கேபிளைப் பழைய வழியிலேயே, அதே தொளதொள வளைவோடு மாட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை. மல்லிகா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை.

“இன்னொரு தபா இடது பக்கம் திருப்புங்க அண்ணி.”

திருப்பினேன். அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் திருப்பினேன்.

அந்த நேரம் பார்த்து அவள் பையன் போன். ஸ்பீக்கரில் போட்டாள். “இன்னாம்மா, அத்தை வண்டியில ஏறிட்டியா? எங்கியாவது வுழுந்து கிழுந்து வெச்சீங்களா?”

“அதெல்லாம் இல்லடா. நல்லா சுத்திட்டு வந்தோம். அத்த பத்திரமா இட்டுனு வந்தாங்க.”

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அந்தப் பொய்க்கு அவளிடம் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அவளுக்குக் காபி போட்டேன். இரண்டு தடவை.

சாயங்காலம் அவள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்கிறேன் என்று போனை எடுத்தேன்.

“ஆட்டோவா? எதுக்கு?” வண்டி அருகே போய் நின்றுவிட்டாள். “எடுங்க அண்ணி, பஸ் போயிடும்.”

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, கையை என் தோளில் போட்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைய இடது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினேன். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. என் தோளில் இருந்த கை மட்டும் சட்டென்று இடுப்புக்கு இறங்கி, இறுக்கிப் பிடித்தது.

கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம்... பயந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆனாலும் ஏறி உட்காருகிறாளே என் நாத்தனார், அவளுக்குத்தான் என் நன்றி!